அப்பாவின் மருந்து பில்: எங்கே குறைக்கலாம், எங்கே கைவைக்கக் கூடாது

கேள்வி: ஐயா, என் அப்பாவுக்கு வயது 67. சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஒன்றரை வருடத்துக்கு முன்னால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். அம்மாவுக்குத் தைராய்டு. அப்பாவின் மருந்துக்கு மட்டும் மாதம் 5,800 ரூபாய் ஆகிறது, என் சம்பளத்தில் இதைத் தாங்க முடியவில்லை. எங்கள் தெருமுனையில் "ஜெனரிக் மருந்துகள் 60% தள்ளுபடி" என்று ஒரு கடை திறந்தார்கள். அங்கே வாங்கிப் பார்த்தேன், பெரிதாக ஒன்றும் குறையவில்லை. பக்கத்து வீட்டு அக்கா "விலை கம்மின்னா பவரும் கம்மிதான், ஹார்ட் பேஷன்ட்டுக்குப் போய் இதைக் கொடுக்கலாமா" என்று பயமுறுத்துகிறார். அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரையை வேறு கம்பெனியில் கொடுத்தார்கள், அதிலிருந்து ஒரே அசதி என்கிறார். டாக்டரிடம் கேட்கவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்வது? (பெயர், ஊர் வேண்டாம்.)

சகோதரிக்கு வணக்கம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய சீட்டையும் பில்லையும் ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். காப்புரிமை முடிந்த மருந்தை எந்தக் கம்பெனியும் செய்து விற்பதைத்தான் ஜெனரிக் என்கிறோம். அதைத் தாராளமாக வாங்கலாம், அப்பாவுக்கும் வாங்கலாம். இந்த பில் பாதிக்கும் கீழே இறங்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. ஆனால் ஜெனரிக் என்று போர்டு மாட்டிய கடைக்குள் நுழைந்துவிட்டாலே காசு மிச்சமாகிவிடாது, அதை நீங்களே பார்த்துவிட்டீர்கள். அப்பா போடுகிற ஒவ்வொரு மாத்திரைக்குள்ளும் இருக்கிற மருந்தின் பெயர் என்ன, அதில் ஒரு மாத்திரைக்கு உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகிறது, இந்த இரண்டும் தெரிந்தால்தான் மிச்சம் பிடிக்க முடியும். ஒரு மருந்தாளுநராக நான் சொல்ல வருவது இதுதான், மற்றதெல்லாம் இதற்கான விளக்கம்.

முதலில் பவர் விஷயம். அப்பா இத்தனை நாள் சாப்பிட்டு வந்த "கம்பெனி மருந்தில்" பெரும்பகுதி ஜெனரிக்தான், அட்டையின் மேல் ஒரு பிராண்ட் பெயர் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். சுகருக்கான மெட்ஃபார்மின், பிரஷருக்கான டெல்மிசார்டன், கொலஸ்ட்ராலுக்கான ரோசுவாஸ்டாட்டின் இவற்றையெல்லாம் கண்டுபிடித்தவர்கள் யாரோ. காப்புரிமை எப்போதோ முடிந்துபோன இந்த மருந்துகளை நம் ஊர்க் கம்பெனிகள் ஆளுக்கொரு பெயர் வைத்து விற்கின்றன. டோலோ, கால்பால், குரோசின் மூன்றையும் பெயரால் தெரியாத வீடு கிடையாது, மூன்றிலும் இருப்பது பாராசிட்டமால். பெயரோடு வந்தால் பவர் ஏறுவதும், பெயரில்லாமல் வந்தால் இறங்குவதும் நடக்காது. 40 மில்லிகிராம் என்று அச்சிட்டிருந்தால் மருந்துத் தரத்துக்கான அரசு நூலான இந்தியன் பார்மகோபியா (ஐ.பி.) சொல்கிற வரம்புக்குள் அந்த அளவு மருந்து உள்ளே இருந்தாக வேண்டும். பெரிய கம்பெனிக்கும் சின்னக் கம்பெனிக்கும் சட்டம் ஒன்றுதான்.

அப்படியானால் விலையில் ஏன் இவ்வளவு வித்தியாசம்? பிராண்டுக்குப் பின்னால் ரெப் இருக்கிறார், சாம்பிள் இருக்கிறது, டாக்டர்களுக்கான மாநாடு இருக்கிறது, விளம்பரச் செலவு இருக்கிறது. இதெல்லாம் கடைசியில் அப்பாவின் பில்லில்தான் வந்து நிற்கிறது. மாத்திரைக்குள் போகிற மருந்தின் அடக்கவிலை பல நேரம் பைசாக் கணக்குதான்.

பக்கத்து வீட்டு அக்காவிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். நம் மாநிலத்தில் அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் மருந்து வாங்கித் தருவது தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம். 1994-ல் அமைத்த நிறுவனம் அது. அன்றிலிருந்து இன்றுவரை பிராண்ட் பெயர் பார்க்காமல், உள்ளே இருக்கிற மருந்தின் பெயரான மூலப்பெயரில்தான் டெண்டர் விட்டு வாங்குகிறார்கள், ஆய்வகத்தில் சோதித்த பிறகே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறார்கள். ஜி.எச். வரிசையில் நின்று சுகர் மாத்திரை வாங்கிப் போகிற லட்சக்கணக்கான பேர் இத்தனை வருடமாகச் சாப்பிடுவது ஜெனரிக்தான். மற்ற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்த் தங்கள் ஊரில் செய்த திட்டம் இது. எனக்கு அதில் உண்மையிலேயே பெருமை உண்டு.

அதற்காகச் சந்தையில் இருக்கிற எல்லா மருந்தும் ஒரே தரம் என்று நான் சொல்லமாட்டேன். ஒரு மாத்திரையில் மருந்து சரியான அளவில் இருந்தால் மட்டும் போதாது, அது வயிற்றில் கரைந்து ரத்தத்துக்குள், முதலில் கண்டுபிடித்த கம்பெனியின் மூல மருந்தைப் போலவே போய்ச் சேரவும் வேண்டும். ஆரோக்கியமான ஆட்களுக்கு இரண்டு மருந்தையும் கொடுத்து, ரத்தத்தில் எவ்வளவு ஏறுகிறது, எவ்வளவு நேரத்தில் ஏறுகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். தண்ணீரில் எளிதில் கரையாத வகை மருந்துகளுக்கு இந்தச் சோதனையை இந்தியாவில் கட்டாயமாக்கியது 2017-ல்தான். அதற்கு முன்பே லைசென்ஸ் வாங்கிய சரக்கும் சந்தையில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதில் பிராண்டும் உண்டு, பிராண்ட் இல்லாததும் உண்டு. மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு தரம் குறைந்த மருந்துகளின் பட்டியலை மாதாமாதம் வெளியிடுகிறது. எடுத்துப் பாருங்கள், கேள்விப்படாத கம்பெனிகளும் இருக்கும், டி.வி.யில் விளம்பரம் வருகிற பெயர்களும் இருக்கும். ஆகவே எந்த இடத்தில் வாங்குகிறோம், பில் இருக்கிறதா, அதில் பேட்ச் நம்பர் இருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். பிராண்டா இல்லையா என்பதை வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

சரி, தெருமுனைக் கடைக்கு வருவோம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களைப் போல ஏமாந்தவர்கள் நிறையப் பேர்.

நம் நாட்டில் ஜெனரிக் என்ற பெயரில் கடைகளுக்கு வருகிற சரக்கில் ஒரு பெரிய பங்கு, கம்பெனி ரெப்பை அனுப்பாமல் டாக்டரைப் பார்க்காமல் நேராக மொத்த வியாபாரிக்குக் கொடுக்கிற சரக்கு. இதன் அட்டையிலும் எம்.ஆர்.பி. இருக்கும். அந்த எம்.ஆர்.பி. பிரபலமான பிராண்டுக்குச் சமமாகவோ சில நேரம் அதைவிடக் கூடவோ கூட அச்சிட்டிருப்பார்கள். கடைக்காரருக்கு வந்து சேருகிற விலை அதில் கால்வாசியோ ஐந்தில் ஒன்றோதான். 100 ரூபாய் எம்.ஆர்.பி. உள்ள அட்டை அவருக்கு 20 ரூபாய்க்குக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 60% தள்ளுபடி என்று உங்களிடம் 40 ரூபாய் வாங்கினால் அவர் போட்ட முதலுக்கு இரண்டு மடங்கு வருகிறது, உங்களுக்கும் ஏதோ மிச்சமான மாதிரி இருக்கிறது. அதே மருந்து மத்திய அரசின் ஜன் ஔஷதி கடையான மக்கள் மருந்தகத்தில் 12, 15 ரூபாய்க்குக் கிடைத்துக்கொண்டிருக்கும். இன்னும் மோசமான கடைகளில் போர்டில்தான் தள்ளுபடி இருக்கும், பில்லில் சில மாத்திரைகளுக்கு மட்டும் குறைத்துவிட்டு மீதிக்கு எம்.ஆர்.பி.யையே போட்டிருப்பார்கள். நீங்கள் அனுப்பிய பில்லில் நடந்திருப்பது இதுதான். ஒன்பது வரியில் மூன்றுக்குத்தான் தள்ளுபடி, அந்த மூன்றும் ஏற்கெனவே மலிவான மாத்திரைகள். அதிகம் செலவு வைக்கிற இரண்டு மாத்திரைகளை அவர் தொடவே இல்லை.

அதனால் எத்தனை சதவீதம் தள்ளுபடி என்று கேட்காதீர்கள். பில்லை வாங்கி, கொடுத்த காசை மாத்திரை எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஒரு அட்டையில் பத்து இருக்கும், இன்னொன்றில் பதினைந்து இருக்கும், பதினான்கும் இருக்கும், அட்டை விலையை வைத்து ஒப்பிட்டால் கண்டிப்பாகக் கணக்கு தப்பும். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் "பார்மா சஹி தாம்" என்று ஒரு செயலி வைத்திருக்கிறது, மூலப்பெயரை அடித்தால் எந்தெந்த பிராண்ட் என்ன விலை என்று காட்டும். மக்கள் மருந்தகத்துக்கு "ஜன் ஔஷதி சுகம்" என்று ஒரு செயலி உண்டு, பக்கத்தில் கடை எங்கே இருக்கிறது, உங்கள் மருந்து அவர்கள் பட்டியலில் இருக்கிறதா, விலை எவ்வளவு என்று வீட்டிலிருந்தே பார்த்துவிடலாம்.

மூலப்பெயரைக் கண்டுபிடிப்பது கஷ்டம் என்று நினைக்க வேண்டாம். அப்பாவின் பிரஷர் மாத்திரை அட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பளிச்சென்று கண்ணில் படுகிற பெயர் பிராண்ட். அதை ஒட்டியே "டெல்மிசார்டன் மாத்திரைகள் ஐ.பி. 40 மி.கி." என்று ஆங்கிலத்தில் ஒரு வரி இருக்கும். அந்த வரிதான் உங்களுக்கு வேண்டியது. அதில் மூன்று விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: மருந்தின் பெயர், மில்லிகிராம், பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., இ.ஆர்., எக்ஸ்.எல். என்று ஏதாவது வால் இருக்கிறதா. அந்த வாலை யாரும் கவனிப்பதில்லை, தப்பு நடப்பதே அங்கேதான். எஸ்.ஆர். என்றால் மருந்து மெதுவாக, பல மணி நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிற மாதிரி செய்த மாத்திரை. மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். எழுதியிருக்கும்போது சாதா மெட்ஃபார்மின் 500 வாங்கிவந்தால் மில்லிகிராம் ஒன்றுதான், வேலை செய்யும் விதம் வேறு, வயிற்றைப் புரட்டும் என்று டாக்டர் எதற்காகத் தவிர்த்தாரோ அதுவே வந்து நிற்கும். மெட்டோப்ரோலால் என்ற இதய மருந்தில் சக்சினேட், டார்ட்ரேட் என்று இரண்டு உப்பு, அதாவது இரண்டு வேதி வடிவம் உண்டு, ஒன்றுக்கு ஒன்று மாற்றாக வராது. இந்த மெதுவாக இறங்கும் மாத்திரைகளை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது என்பதையும் அப்பாவிடம் சொல்லி வையுங்கள், நடுவில் கோடு போட்டிருந்தால் மட்டும் கடையில் கேட்டுவிட்டு உடைக்கலாம்.

டெல்மிசார்டன் பற்றி ஒரு சின்ன விஷயம். அது ஈரத்தை இழுக்கும். அதனால்தான் இரண்டு பக்கமும் அலுமினியம் வைத்து அடைக்கிறார்கள். பெரியவர்களுக்கு வசதியாக இருக்கட்டும் என்று வாரம் முழுவதற்குமான டப்பாவில் எல்லா மாத்திரையையும் பிரித்துப் போட்டு வைக்கிறீர்களே, இதை மட்டும் அப்படிப் பிரிக்காதீர்கள். அட்டையோடு கத்தரித்துப் போடுங்கள்.

எங்கே வாங்கலாம்? மக்கள் மருந்தகம் என்று நம் ஊரில் சொல்கிற மத்திய அரசின் ஜன் ஔஷதி கடைகள் 2008-ல் ஆரம்பித்தவை, இப்போது பல ஊர்களில் இருக்கின்றன. அங்கே வருகிற சரக்கை பேட்ச் பேட்ச்சாக ஆய்வகத்தில் சோதித்த பிறகுதான் கடைக்கு அனுப்புவது நடைமுறை. மாநில அரசு 2025 பிப்ரவரியில் ஆயிரம் முதல்வர் மருந்தகங்களைத் திறந்தது, அங்கேயும் மூலப்பெயரில் மருந்து கிடைக்கும். அட்டை பார்க்கப் பளபளப்பாக இருக்காது, பெயர் வாயில் நுழையாது, பரவாயில்லை. இந்தக் கடைகளில் உள்ள ஒரே தொல்லை சரக்கு சில நேரம் தீர்ந்துபோகும். அதனால் அப்பாவின் மருந்து முடிகிற அன்று ஓடாமல் ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே போய்ச் சொல்லி வையுங்கள், வரவழைத்துக் கொடுப்பார்கள்.

அரசு ஆஸ்பத்திரியையும் யோசியுங்கள். சம்பளம் வாங்குகிற குடும்பம் என்றால் அங்கே போகக் கூடாது என்று ஒரு தயக்கம் நம்மிடம் இருக்கிறது, எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. நீங்கள் கட்டுகிற வரியில் வாங்கிய மருந்து அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர், பிரஷர் மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். உங்கள் பகுதி சுகாதார நிலையத்தில் அப்பாவைப் பதிந்து வைத்தால் அந்த இரண்டு செலவும் பெருமளவு குறையும்.

இப்போது சீட்டு. மொத்தச் சீட்டில் என் கண்ணை உறுத்தியது எம்பாகிளிஃப்ளோசின் 10 என்கிற சுகர் மாத்திரை. ஒரு மாத்திரை அறுபது ரூபாய்க்குப் பக்கம், மாதம் 1,800 ரூபாய், மொத்த பில்லில் மூன்றில் ஒரு பங்கு இந்த ஒரே மாத்திரைக்குப் போகிறது. இந்த மருந்தின் காப்புரிமை இந்தியாவில் 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. முடிந்த அந்த வாரமே பல இந்தியக் கம்பெனிகள் இறங்கின, இன்றைக்கு ஆறு ரூபாயிலிருந்து பதினைந்து ரூபாய்க்குள் நல்ல கம்பெனிகளின் மாத்திரையே கிடைக்கிறது. சுகர் மருந்துகளில் இப்படித்தான் ஒவ்வொன்றாக நடந்தது, வில்டாகிளிப்டினுக்கு 2019-ல், சிட்டாகிளிப்டினுக்கு 2022-ல். உங்கள் சீட்டு 2025 மார்ச்சுக்கு முன்னால் எழுதியது, அதையே காட்டிக் காட்டி வாங்கிக்கொண்டிருக்கிறீர்கள், கடைக்காரரும் எழுதியதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறார். இந்த ஒன்றை மாற்றினாலே மாதம் ஆயிரத்து முந்நூறு ரூபாய்க்குக் குறையாமல் உங்கள் கையில் நிற்கும்.

கிளிமிபிரைடும் மெட்ஃபார்மின் எஸ்.ஆரும் சேர்ந்த மாத்திரை, டெல்மிசார்டன், ரோசுவாஸ்டாட்டின், பான்டோப்ரசோல் நான்கையும் கண்ணை மூடிக்கொண்டு ஜெனரிக்கில் வாங்கலாம். டெல்மிசார்டனில் பிராண்ட் ஏழெட்டு ரூபாய் என்றால் மக்கள் மருந்தகத்தில் ஒன்றிரண்டு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மாற்றிய முதல் இரண்டு மூன்று வாரம் பிரஷரையும் வெறும் வயிற்றுச் சுகரையும் கொஞ்சம் அடிக்கடி பார்த்து ஒரு தாளில் எழுதி வையுங்கள். அப்பாவுக்கும் நம்பிக்கை வரும், அக்காவிடம் காட்டவும் ஆகும்.

ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்திருக்கிற டிகாகிரலோர், ஆஸ்பிரின் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். டிகாகிரலோருக்கும் ஜெனரிக் உண்டு, அதை வாங்குவதில் தவறில்லை. ஆனால் கடைக்குப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டிய வேறு கேள்வி இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த பலருக்கு இந்த இரட்டை மருந்தை ஒரு வருடம் போலத்தான் கொடுப்பார்கள், அப்புறம் ஒன்றை நிறுத்துவார்கள் அல்லது மலிவான வேறொன்றுக்கு மாற்றுவார்கள். அப்பாவுக்கு ஒன்றரை வருடம் ஆகிவிட்டது. அவருக்கு இன்னும் தேவை என்று காரணம் இருக்கலாம், மறு பரிசோதனைக்குப் போகாததால் பழைய சீட்டே ஓடிக்கொண்டிருக்கவும் கூடும். இதை முடிவு செய்ய வேண்டியவர் இதய டாக்டர் ஒருவர்தான். நீங்களோ நானோ கடைக்காரரோ ஒரு நாள்கூட அதை நிறுத்தக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. பான்டோப்ரசோலும் அந்த இரண்டு மாத்திரையால் வயிற்றில் ரத்தக் கசிவு வராமல் இருக்கக் கொடுத்ததாக இருக்கும், கேஸ் மாத்திரைதானே என்று அதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கடைசியாக இருக்கிற இரண்டு, அந்த மல்டிவிட்டமினும் "நரம்புச் சத்து" கேப்சூலும், மாதம் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் ஆகிறது. இவை இன்னும் வேண்டுமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். மெட்ஃபார்மின் நீண்ட நாள் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது உண்மை, ரத்தத்தில் பார்த்துவிட்டு அது மட்டும் தேவையென்றால் பி12 மாத்திரை தனியாகவே மலிவாகக் கிடைக்கும், அதற்காகப் பதினைந்து பெயர் அடங்கிய கேப்சூல் வாங்க வேண்டியதில்லை.

மாற்றுகிற நேரத்தில் நான் மிகவும் பயப்படுவது ஒன்று. பழைய அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கும், புதியது வேறு நிறத்தில் வேறு பெயரில் வந்திருக்கும், இது வேறு அது வேறு என்று நினைத்து அப்பா இரண்டையும் போட்டுக்கொள்வார். கிளிமிபிரைடு இரண்டு மடங்கு போனால் சுகர் தடாலென்று இறங்கி வியர்த்து மயங்கி விழுந்துவிடுவார், வயதானவர்களுக்கு அது ராத்திரி தூக்கத்தில் நடந்தால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது. மலிவு மருந்து சாப்பிட்டு மோசமாகிவிட்டது என்று சொல்லி வருகிறவர்களில் சிலருக்கு உண்மையில் நடந்தது இதுதான். பழையதை முழுவதும் முடித்துவிட்டுப் புதியதைத் தொடங்குங்கள், வீட்டில் ஒரே நேரத்தில் இரண்டும் இருக்க வேண்டாம். புதிய அட்டையின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் "சுகர், காலை, சாப்பாட்டுக்கு முன்" என்று தமிழில் பெரிதாக எழுதுங்கள். ஆனால் காலாவதித் தேதியும் பேட்ச் நம்பரும் இருக்கிற ஓரத்தில் எழுதாதீர்கள், அந்தப் பக்கத்திலிருந்து மாத்திரையைக் கிழிக்கவும் கூடாது.

டாக்டரிடம் கேட்கத் தயங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். கேட்டே ஆக வேண்டும், அதற்குச் சட்டக் காரணமும் இருக்கிறது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துகளை, சீட்டில் ஒரு பிராண்ட் எழுதியிருந்தால் அதே மருந்து அடங்கிய வேறு பிராண்டாகக்கூட மாற்றிக் கொடுக்க மருந்தாளுநருக்கு நம் நாட்டு மருந்து விதிகளில் அனுமதி இல்லை. சீட்டில் மூலப்பெயர் இருந்தால் இந்தச் சிக்கலே வராது. மூலப்பெயரில் எழுத வேண்டும் என்று அன்றைய இந்திய மருத்துவ கவுன்சில் 2016-லேயே விதி போட்டது. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் இன்னும் கடுமையாக ஒரு விதி கொண்டுவந்து, எதிர்ப்பு வந்ததும் சில வாரங்களிலேயே நிறுத்தி வைத்தது. தரத்தைப் பற்றிய டாக்டர்களின் கவலையிலும் நியாயம் இருக்கிறது, எந்தக் கம்பெனி மருந்து கொடுப்பது என்பது கடைக்காரர் கைக்குப் போய்விடும் என்று அவர்கள் சொல்வது முழுக்கப் பொய் இல்லை.

ஆகவே சண்டை மாதிரி கேட்க வேண்டாம். "டாக்டர், மாதம் ஐயாயிரத்து எண்ணூறு ஆகுது, எங்களால முடியல. இதுல எதையெல்லாம் மக்கள் மருந்தகத்துல வாங்கலாம்? மருந்து பேரை மட்டும் எழுதிக் கொடுங்க, எதை மாத்தக் கூடாதோ அதுல குறிச்சிடுங்க" என்று சொல்லுங்கள். பில்லையும் கையில் கொண்டுபோங்கள். பல டாக்டர்களுக்குத் தாங்கள் எழுதுகிற சீட்டு கடைசியில் எவ்வளவுக்கு வருகிறது என்றே தெரியாது, தொகையைப் பார்த்ததும் அவர்களே நாலைந்தை மாற்றுவதை நான் கவுண்டரில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்பத்திரிக்குள் இருக்கும் மெடிக்கலில்தான் வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள், அப்படிக் கட்டாயம் ஒன்றும் கிடையாது.

அடுத்து அம்மா. "மலிவு மருந்தால்தான் அசதியா" என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே நான் வேறு மாதிரிப் பேசப்போகிறேன், ஏனென்றால் அம்மா போடுகிற தைராய்டு மருந்தான லீவோதைராக்சின் வேறு வகை. அதன் அளவே மைக்ரோகிராமில், மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கில் கணக்கு. ரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் உடம்பு காட்டிவிடும். வலிப்பு மாத்திரைகள், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற வார்ஃபரின், அசினோகூமரால், சிறுநீரகம் மாற்றியவர்கள் போடுகிற டாக்ரோலிமஸ், மனநலத்துக்கான லித்தியம் எல்லாம் இந்த வகைதான். இவற்றில் ஜெனரிக் கூடாது என்பதில்லை, அடிக்கடி கம்பெனி மாற்றக் கூடாது. எதில் தொடங்கினீர்களோ அதிலேயே இருங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் டாக்டருக்குத் தெரிந்து, ரத்தப் பரிசோதனையோடு மாற்றுங்கள். இன்சுலினும் இந்த ஜெனரிக் கணக்கிலேயே வராது, பக்கத்து வீட்டில் யாராவது போடுகிறார்கள் என்றால் அதையும் அவர்களாக மாற்ற வேண்டாம்.

அதோடு, தைராய்டு மாத்திரை பிரபலமான பிராண்டிலேயே மாதம் ஐம்பது அறுபது ரூபாய்க்குள் முடிகிற செலவு. அதில் போய் இருபது ரூபாய் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமில்லை. அம்மாவைப் பழைய கம்பெனிக்கே திருப்பிவிடுங்கள், கடையில் அட்டையைக் காட்டி "இதேதான் வேண்டும், இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன்" என்று சொல்லுங்கள். நூறு மாத்திரை பாட்டிலாக வாங்கினால் அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், சூடும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது.

அசதிக்குக் கம்பெனி மாறியதுதான் காரணம் என்று இப்போதே முடிவு கட்டவும் வேண்டாம். அம்மா மாத்திரை போட்ட கையோடு காபி குடிக்கிறாரா என்று பாருங்கள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். கால்சியம் அல்லது இரும்புச்சத்து மாத்திரை போடுகிறார் என்றால் நான்கு மணி நேரம் தள்ளிப் போடச் சொல்லுங்கள், சேர்த்துப் போட்டால் தைராய்டு மருந்து உடம்பில் ஏறாது. பழைய கம்பெனிக்கு மாறி ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை பாருங்கள். அதற்கு முன்னால் பார்த்தால் அளவு நிலைக்கு வந்திருக்காது, செலவுதான். ரத்தம் கொடுக்கிற அன்று காலை மாத்திரையைப் போடாமல் போய், கொடுத்துவிட்டு வந்து போட்டுக்கொள்ளட்டும். அதற்குள் அசதி அதிகமானாலோ, முகம் கால் வீங்கினாலோ எட்டு வாரம் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் கூட்டிப்போங்கள்.